கார்பன் என்றால் கொப்பி இல்லை

மலைநாட்டில் சைக்கிள் கடை வைத்திருப்பவனுக்கு ஏற்றம்தான் முதல் எதிரி என்று நினைப்பீர்கள். எனக்கு முதல் எதிரி பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆபிஸின் பெரிய கிளாக்கர் வேலாயுதம். ஏற்றம் ஆளை இறங்கித் தள்ள வைக்கும், மேலே போனதும் விட்டுவிடும். கிளாக்கர் இன்றுவரை விடவில்லை.

பூண்டுலோயா பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரில் என் கடை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சைக்கிள் திருத்துவேன், பழைய சைக்கிள் வாங்கிச் சரிசெய்து விற்பேன். கடை வைத்து, வருகிறவர் போகிறவரிடம் பேச்சு வாங்கி, அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு படுக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

கத்துகிற பிரேக்

மற்ற ஊர்களில் சைக்கிளில் முதலில் தேய்வது டயர். எங்கள் ஊரில் பிரேக் கட்டை. போகும்போது ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார், வரும்போது சைக்கிள் ஆளைத் தள்ளிக்கொண்டு வரும். அதனால் என் வியாபாரத்தில் பாதி பிரேக் கட்டைதான்.

பாண், அதாவது பேக்கரி ரொட்டி, விற்கும் சுனில் என் பழைய வாடிக்கையாளர். பின்னால் பெரிய பெட்டி கட்டிய இரும்புச் சைக்கிள். அவர் பிரேக் பிடித்தால் அடுத்த மலைக்குக் கேட்கும். ஒருநாள் பாவம் பார்த்து, புதுக் கட்டை போட்டு, ரிம்மையும் தேய்த்துச் சத்தமே இல்லாமல் செய்து, மேலே ஒரு மணியும் மாட்டிக் கொடுத்தேன். மறுநாளே முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மணியைக் கழற்றி என் கையில் வைத்து, பழைய கட்டையையே திருப்பிப் போடச் சொன்னார். "முதலாளி, பிரேக் கத்துறதக் கேட்டுத்தான் லயத்து வீடுகள்ல பாண் வாங்க வெளிய வாறாங்க. நீங்க சத்தத்த எடுத்துட்டீங்க, நேத்து முழுப் பெட்டியும் திரும்பி வந்துருச்சு."

புதுசா, பழசா

சிவநேசன் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தார். ஊரில் இருந்த காலத்தில் சைக்கிள் ஓட்டத்தில் பரிசெல்லாம் எடுத்தவர். சித்திரைப் புத்தாண்டுக்கு இங்கே நடக்கும் ஓட்டத்தில் மட்டும் ஒவ்வொரு வருடமும் ஏற்றத்தில் பின்தங்கிவிடுவார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மறுநாள் வகுப்பில் மூச்சு வாங்குகிற மாதிரி நடித்துக் காட்டுவார்களாம். அந்த வருடம் எப்படியாவது முதலாவதாக வந்துவிட வேண்டும் என்று நின்றார். அதற்குக் கார்பன் சைக்கிள் வேண்டும் என்றார்.

கார்பன் என்றால் இரும்பு இல்லை, அலுமினியமும் இல்லை. ஒருவித நாரைப் பசையில் இறுக்கிச் செய்த பிரேம். ஒரு விரலில் தூக்கலாம். இது எனக்குத் தெரிந்தது கொழும்பில் சைக்கிள் கடையில் இருக்கும் ஒருவரிடம் போனில் கேட்டுத்தான். புதுசு வேண்டுமென்றால் அவர் கடையில் சொல்லி வைத்து எடுக்கலாம், உத்தரவாதம் உண்டு. பழசு ஒன்று, யாத்திரை மலையின் அடியில் இருக்கும் நல்லதண்ணி ஊரில் இருந்தது. மலை ஏற வந்த வெள்ளைக்காரர் ஒருவர், படி இறங்கும்போது முழங்கால் பிசகி, சைக்கிளைத் தங்கியிருந்த விடுதியிலேயே விற்கச் சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார். மாஸ்டரிடம் இருக்கிற காசுக்குப் புதுசில் கீழ்த்தரம்தான் வரும், பழசில் மேல்தரம் வரும். ஆனால் பழசு எங்கே விழுந்தது, எதில் மோதியது என்று யாருக்குத் தெரியும்? இரும்பு உடைவதற்கு முன் வளைந்து காட்டும். கார்பன் ஒன்றும் சொல்லாமல் இரண்டாகும்.

மாஸ்டர் என் கடை வாசல் வாங்குப் பலகையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணை, நல்ல புதுசு எடுத்தால் கடன்பட்டதுக்கு வீட்டிலை மனிசி பேசுவா, பழசு எடுத்தால் என்ரை மனம் பேசும். எந்தப் பேச்சைக் கேக்கிறது எண்டு நீங்களே சொல்லுங்கோ."

ஒரிஜினலா, கார்பனா

அந்த வாங்கின் மறு முனையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தார் வேலாயுதம் கிளாக்கர். கையில் பிளேன்டீ. அந்தப் பிளேன்டீயும் நான் வாங்கிக் கொடுத்தது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். கார்பன் என்ற சொல் காதில் விழுந்ததும் கிளாக்கர் எழுந்து நின்று, பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேருக்கும் பாடம் எடுத்தார். "நா ஆபிஸ்ல எழுதாத கார்பனா? மேல இருக்கிறது ஒரிஜினல். நடுவுல கார்பன வச்சா கீழ வர்றது கொப்பி. கார்பன்னு பேரு வந்தாலே கொப்பிதான். இந்தக் கடக்கார ராமையா, மாஸ்டர் தலையில கொப்பிச் சைக்கிளக் கட்டப் பாக்குறான்."

மாஸ்டர் விளக்கிச் சொல்லப் பார்த்தார். பஸ் வந்துவிட்டது. கிளாக்கர் சொன்னது அந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டது, மாஸ்டர் சொன்னது என் கடையிலேயே நின்றுவிட்டது. மறுநாள் காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க நின்ற சனம் முழுவதும் இதே பேச்சு. நான் விற்ற சைக்கிளை ஒருபோதும் குறை சொல்லாதவர்கள் பிரேமைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பழைய சைக்கிள் விற்பவனுக்கு வாய்ச்சொல்தான் முதல். அதில் கிளாக்கர் கை வைத்துவிட்டார். அன்று சாயந்தரம் கொழுந்து எடுத்துவிட்டு வந்த ஒரு அக்கா, பிரேக் கட்டையைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கேட்டார். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க, இது ஒரிஜினலா, கார்பனா?"

நல்லதண்ணியில் தட்டிப் பார்த்தது

மாஸ்டரும் நானும் யாத்திரைச் சீசன் பஸ்ஸில் நல்லதண்ணிக்குப் போனோம். கிளாக்கர் பேச்சுக்குப் பிறகு நான் சும்மா இருக்க முடியாது. சைக்கிளில் கீறல் இருந்தால் ஊரே என்னை உரித்துவிடும்.

கொழும்புக்காரர் போனில் ஒரு வழி சொல்லியிருந்தார். இரண்டு ரூபாய்க் காசால் பிரேம் முழுவதும் மெல்லத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடம் 'டிக்' என்று கேட்கும். உள்ளே பிளந்திருந்தால் 'டொக்' என்று செத்த சத்தம் வரும். நான் தரையில் உட்கார்ந்து காதை வைத்துத் தட்டினேன். மலைக்குப் போகிற சனம் நின்று பார்த்தது. ஒரு அம்மா கையெடுத்துக் கும்பிடவும் செய்தார். கிளி படம் போட்ட ஸ்டிக்கர் ஒன்று பிரேமின் அடியில் இருந்தது. எதையோ மறைக்கத்தான் ஒட்டியிருக்கிறார்கள் என்று நகத்தால் சுரண்டி எடுத்தேன். கிளிக்குக் கீழே ஒன்றுமில்லை. எல்லா இடமும் 'டிக்'தான். மாஸ்டர் ஏறி உட்கார்ந்து பார்த்தார், அளவு அவருக்கென்று செய்த மாதிரி இருந்தது. புதுசில் இந்த வசதி கிடையாது, பெட்டியைப் பிரித்த பிறகுதான் கால் எட்டுகிறதா என்று தெரியும்.

"எடுங்க மாஸ்டர்" என்றேன். மாஸ்டர் இன்னொரு தடவை தட்டச் சொன்னார். தட்டினேன். இன்னொரு தடவை என்றார். அதற்குமேல் விடுதிக்காரருக்குப் பொறுக்கவில்லை. தனக்கு வந்த தமிழில் சொன்னார். "முதலாளி, இது பலாப்பழம் இல்ல. தட்டுனா பழுக்காது."

விரலைப் பார்க்கிறவர்கள்

சைக்கிள் ஊருக்கு வந்தது. நல்ல கறுப்பு. அந்தக் கறுப்பும் கிளாக்கருக்குச் சாட்சி சொன்னது. கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் பிரேமைத் தடவிவிட்டு, கார்பன் தாளைத் தொட்ட மாதிரி விரலைத் திருப்பிப் பார்த்தார்கள். ஒட்டவில்லை என்று தெரிந்ததும் ஒருவர் எனக்கு ஆறுதல் சொன்னார். "நல்ல கொப்பிதான், மை காஞ்சிருச்சு."

ஒலிபெருக்கி

புத்தாண்டு ஓட்டம் எங்கள் டவுனில் புறப்பட்டு, வட்டகொடை ஸ்டேசன் வரை ஏறி, திரும்பி இறங்கி, என் கடை வாசலில் முடியும். ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்கிறவர் யார் என்று கேளுங்கள். வேலாயுதம் கிளாக்கர். வருடா வருடம் அவர்தான். மைக்கைக் கண்டால் கும்பிடுகிற ஆள்.

வட்டகொடையில் மாஸ்டர்தான் முதலில் திரும்பினார் என்று அங்கிருந்து தகவல் வந்தது. இரண்டாவதாகப் பாண்கார சுனில், பெட்டியைக் கழற்றிவிட்டு அதே இரும்புச் சைக்கிளில். வெகு தூரம் பின்னால். கிளாக்கர் மைக்கில் அந்தத் தகவலை விழுங்கிவிட்டு, தண்ணீர்ப் பந்தல் எங்கே இருக்கிறது என்று அறிவித்தார். நான் வாசலில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாஸ்டர் முதலாவதாக வந்தால் அந்த மைக்கிலேயே கிளாக்கர் கார்பனைப் பற்றிச் சொன்னதை மாற்றிச் சொல்ல வேண்டும் என்று நாலு பேரைச் சாட்சிக்கும் நிறுத்தி வைத்திருந்தேன்.

முதலில் வந்தது சைக்கிள் இல்லை, ஒரு சத்தம். அடுத்த மலைக்குக் கேட்கிற சத்தம். பாண் வருகிறதென்று லயத்துச் சனம் ரோட்டுக்கு ஓடி வந்தது. சுனில் முடிவுக் கோட்டைத் தாண்டி, மேலும் கொஞ்சம் கத்தி, நின்றார். அதற்குப் பிறகு, மூச்சு வாங்காமல், வியர்வைகூட இல்லாமல், மாஸ்டர் வந்தார். கிளாக்கர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "முதலாவது ஒரிஜினல். அதுக்குக் கீழ, எப்பவும் போல, கொப்பி."

சட்டைப்பைக்குள் இருந்தது

சனம் சிரித்து முடிந்து கலைந்த பிறகு மாஸ்டரைக் கடைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். என்ன நடந்தது என்று கேட்டேன். இறக்கத்தில் பெரிய வளைவு தாண்டியதும் எங்கேயோ 'டொக்' என்று கேட்டதாம். கொஞ்ச தூரத்தில் மறுபடியும் 'டொக்'. கிளாக்கர் சொன்னது ஞாபகம் வந்ததாம், கொப்பி என்றால் உடையத்தானே செய்யும். மனிதர் ஓட்டத்தின் நடுவில் இறங்கி, தேயிலைச் செடி ஓரத்தில் சைக்கிளைச் சாய்த்து, காசால் பிரேம் முழுவதும் தட்டிப் பார்த்திருக்கிறார். பின் பக்கம் தட்டிக்கொண்டிருக்கும்போது சுனில் கத்திக்கொண்டே போய்விட்டார்.

சைக்கிளைக் குப்புறப் போட்டுப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. மாஸ்டரை நிற்க வைத்துக் குதிக்கச் சொன்னேன். 'டொக்' என்றது. சட்டைப்பைக்குள் வீட்டுச் சாவியும், நல்லதண்ணியில் தட்டிவிட்டு நான் அவரிடம் கொடுத்த அதே இரண்டு ரூபாய்க் காசும். மாஸ்டர் காசை எடுத்து என் மேசையில் வைத்தார். "மனம் பேசிச்சுது அண்ணை. நான் அதைக் கேட்டுப்போட்டன்."

முழங்கால் வைத்தியம்

சண்டை நின்று யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்த காலத்தில் மாஸ்டருக்குத் தன் ஊருக்கே வேலை மாற்றம் கிடைத்தது. சைக்கிளையும் ஊருக்குக் கொண்டு போனார். அங்கே போய்ப் போனில் பேசினார். முதல் ஓட்டத்திலேயே பரிசு எடுத்தாராம், சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாராம். நான் இதைக் கிளாக்கரிடம் சொல்லப் போனேன். அவர் சம்பளப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமலே, யாழ்ப்பாணத்தில் ஏற்றம் கிடையாது என்றார்.

பிறகு கிளாக்கர் ஓய்வு பெற்றார். முழங்காலுக்குச் சைக்கிள் ஓட்டச் சொல்லி ஹட்டன் டொக்டர் சொன்னாராம். ஒருநாள் குடையை ஊன்றிக்கொண்டு கடைக்கு வந்தார். அதே வாங்கில் உட்கார்ந்தார். நான் பிளேன்டீ வாங்கவில்லை.

"என்ன ராமையா, புதுசு எடுக்கிறதா, பழசு எடுக்கிறதா? நீ சொன்னா சரியா இருக்கும்" என்றார்.

"ஐயா அன்னைக்கு இதே எடத்துல கார்பனப் பத்தி ஒண்ணு சொன்னீங்க. அத ஒருக்கா மாத்திச் சொல்லுங்க, அப்புறம் நான் சொல்றேன்."

கிளாக்கர் குடையைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், பஸ் வருகிறதா என்றும் பார்த்தார். அன்றைக்கென்று பஸ் வரவில்லை. கடைசியில் என் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார். "பழசெல்லாம் எதுக்குப்பா இப்ப? மாஸ்டர் ஓட்டுனாரே, பாரமே இல்லாம, அந்த மாதிரி ஒரு கொப்பி எனக்கும் பாத்துக் குடு."

பார்த்துக் கொடுத்தேன், பிரேக்கும் சத்தமே வராமல் நன்றாகப் போட்டேன், ஆனால் அதே ஒலிபெருக்கியில் அதே சனத்துக்கு முன்னால் கார்பன் என்றால் கொப்பி இல்லை என்று சொல்லும்வரை அவர் சைக்கிளுக்கு என் கடையில் மணி மட்டும் கிடையாது.