தண்ணீரில் நின்றவள்

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விடுங்கள். கதை கட்ட எனக்குத் தெரியாது. இதில் நள்ளிரவும் இல்லை, நாய் ஊளையும் இல்லை. பட்டப்பகல். மழை இருட்டு மட்டும் கொஞ்சம்.

பழைய ஓவியங்களில் படிந்த அழுக்கை எடுப்பது என் தொழில். குச்சியில் பஞ்சைச் சுற்றி, மருந்தில் நனைத்து, விரலகலம் விரலகலமாகத் துடைக்க வேண்டும். பக்கத்து மேஜையில் ஒரு பெண். எந்நேரமும் நெற்றியில் லென்ஸ் மாட்டியிருப்பதால் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. அதுவரை எங்கள் அறையில் இருந்த ஒரே பூதம் அதுதான்.

என் மனைவி இறந்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வேலையில் மூழ்கினால் மறந்துவிடும் என்றார்கள். மறக்க வேண்டும் என்று யார் கேட்டது?

மேஜைக்கு வந்தது ஓர் ஆற்றுக் காட்சி. இம்ப்ரெஷனிஸ்ட் பாணி. கிட்டே போனால் வெறும் வண்ணத் தீற்றல்கள். தள்ளி நின்றால் ஆறு ஓடும். அக்கரையில் மரங்கள், ஒரு காலிப் படகு. மற்றபடி ஈ, காக்கை கிடையாது.

பூதக்கண்ணாடி சாப்பிடப் போயிருந்தாள். நான் தள்ளி நின்று பார்த்தேன்.

தண்ணீரில், படத்தின் கீழ்ச் சட்டத்தை ஒட்டி, தலைகீழாக ஒரு பிம்பம்... ஒரு பெண்.

ஆனால் படத்தில் இக்கரையே இல்லை. அப்படியென்றால் அந்தப் பெண் நிற்பது படத்துக்கு வெளியே...

என் வலப்பக்கம்.

சட்டென்று திரும்பினேன். யாரும் இல்லை. மறுபடி படத்தைப் பார்த்தேன்.

இருந்தாள். தலையை என் பக்கம் சாய்த்தபடி.

என் மனைவிக்கு ஒரு காது கேட்காது. பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் கேட்கும் காதை என் பக்கம் சாய்ப்பாள்.

பயத்தைவிட அழுகைதான் வந்தது. தண்ணீரில் நான் இல்லை. அவள் மட்டும் தனியாக.

"இரு... நானும் வரேன்."

சொட்... எங்கோ தண்ணீர் சொட்டியது.

அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் சவரம் செய்து, அவளுக்குப் பிடித்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

"அண்ணா, உங்க வேலைய கொஞ்சம் குறைச்சுட்டேன்," என்றாள் பூதக்கண்ணாடி. "ஆத்துல ரெண்டு கறை இருந்துச்சு. ஒண்ணு தொட்டதும் வந்துடுச்சு."

"ரெண்டா?"

"பக்கத்துப் பக்கத்துல. இன்னொண்ணு என்ன பண்ணாலும் வரல..."

தள்ளி நின்று பார்த்தேன்.

ஓர் ஆண். நீலச் சட்டை. வலப்பக்கம் வெறும் தண்ணீர்.

அவளைத் துடைத்தெடுத்த பஞ்சைக் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். எல்லாப் பஞ்சும் வெள்ளையாக இருந்தது.

படம் எங்களிடம் வந்த அன்று எடுத்த போட்டோவைப் பிறகு பார்த்தேன். ஆற்றில் அவளும் இல்லை, நானும் இல்லை.

போன வாரம் படத்தின் சொந்தக்காரர் போன் செய்தார். "சார், தண்ணில ஒருத்தன் நிக்கிறான். நேத்து இந்தப் பக்கம் பாத்தான், இன்னிக்கு அந்தப் பக்கம் பாக்கிறான்... யாரையோ தேடுற மாதிரி. தொடச்சிடுங்களேன்."

மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவள் திரும்பி வந்தால், அங்கே நான் இருக்க வேண்டாமா?