இருபத்திரண்டு பாட்டும் ஒரு பின்வாசலும்

எழிலரசனைப் பற்றி ஆரணியில் யாரைக் கேட்டாலும் "அந்தப் பாட்டு பாடற பையனா?" என்பார்கள். பையன் இல்லை. முப்பத்தொரு வயது. தேவிகாபுரம் போகிற வழியில் ஊர். செய்யாறு கம்பெனியில் ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டுகிற வேலை. கம்பெனி பஸ்ஸில் எல்லாரும் தூங்கி வழியும்போது அவன் மட்டும் போனில் ராப் எழுதிக்கொண்டு வருவான்.

நாங்கள் மூன்று பேர். எழுதிப் பாடுவது அவன். கூடப் பாடுவது என் அத்தை மகன் தமிழ்வாணன். புடவைக்கு டிசைன் போடும் லேப்டாப்பிலேயே தாளம் சேர்ப்பது மாணிக்கவேலாகிய நான். "ஒரு ஆல்பம் எவன் வேணா போடுவான். நாம ரெட்டையா போடலாம்டா" என்று எழில்தான் ஆரம்பித்தான். பதினொரு பாட்டு காலை ஷிப்ட், பதினொன்று நைட் ஷிப்ட். திமிர்தான். எனக்குப் பிடித்த திமிர்.

பதிவு செய்தது தமிழ்வாணன் வீட்டு மாடியில். எங்கள் தெருவில் விசைத்தறி ஓடும்போது எதிரில் நிற்பவன் கொட்டாவி விடுகிறானா, கத்துகிறானா என்றே தெரியாது. மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்கென்று கரண்டை நிறுத்துவார்கள். அன்றைக்கு எழில் லீவு போட்டு வருவான். லேப்டாப் பேட்டரி தீர்வதற்குள் ஒரு பாட்டு. இப்படியே ஏறக்குறைய இரண்டு வருஷம்.

வெளியிட்டோம். சென்னையில் ஒரு மகாபிரபு, யூடியூபில் பாட்டுக்கெல்லாம் மார்க் போடுகிறவர், எங்களை இருபது நிமிஷம் வறுத்தெடுத்தார். ரெட்டை ஆல்பம் பேராசையாம். பாதியைத் தூக்கிக் குப்பையில் போடலாமாம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். "ஆரணியிலிருந்து வருகிறார்கள், ஒரு தறிச் சத்தம்கூட இல்லையே! மண்ணின் வாசனை எங்கே?" என்றாரே, அதற்குத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்பவன் கேனையனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடியுமாம். தறி நிற்கிற நாளுக்காக மாதாமாதம் காத்துக் கிடந்தவர்கள் நாங்கள். எழில் தறியைத் தொட்டதுகூட இல்லை.

தமிழ்வாணன் அதையே பிடித்துக்கொண்டான். "எல்லா பாட்டுலயும் தறி சத்தத்த சேத்து மறுபடி போட்லாம். அந்தாளு கேட்டத குடுத்துட்டா பேஜார் இல்ல."

எழில் சொன்னான்: "இருபத்தோரு பாட்டுல இன்னா வேணா பண்ணிக்கோங்க. 'பின்வாசல்'ல மட்டும் கை வெக்காதீங்க. எங்கம்மாவுக்குப் போட்டுக் காட்டணும்."

அவன் அம்மா அம்மணி எங்கள் தெருவில் தறிக்கூடம் பெருக்கியவர். வேலை முடிந்ததும் பின்வாசலில் நின்று தண்ணீர் கேட்பார். தறிச் சத்தத்தில் காதில் விழவில்லை என்பார்கள் உள்ளே. பாட்டில் அம்மா பேசுகிற மாதிரி ஒரு வரி: 'கரண்டு நின்ன அன்னிக்கும் கூப்ட்டேன், அன்னிக்கும் உழலியே.' எந்த வீட்டுப் பின்வாசல் என்று பாட்டில் இல்லை. அது என் அத்தை பரிமளாவின் வீடு. தமிழ்வாணனைப் பெற்றவள். எழிலுக்கு அது தெரியும். தெரிந்துதான் அந்த மாடியில் நின்று பாடினான்.

"அந்த வரி மேல மட்டும் தறிய நல்லா ஏத்துடா" என்று தமிழ்வாணன் தனியாக வந்து கேட்டான். "எங்கம்மா மூஞ்சில நான் முழிக்க வேணாமா?"

சொந்தமாயிற்றே. ஏற்றினேன். சென்னைக்காரரைத் திட்டிய அதே வாயால் என்னைத் திட்டிக்கொண்டுதான் ஏற்றினேன். மானங்கெட்ட வேலை.

எல்லாவற்றையும் மறுபடி வெளியிட்டதும் மகாபிரபு திரும்ப வந்தார். "இப்போதுதான் உழைப்பவர்களின் குரல் கேட்கிறது" என்று பத்துக்கு ஒன்பது போட்டார். உதாரணத்துக்கு அவர் ஓடவிட்டது 'பின்வாசல்'.

அன்று சாயங்காலம் எழில் போன் செய்தான். "எங்கம்மா கேட்டுச்சுடா மாணிக்கம். 'நான் கூப்ட்டது பாட்டுல வருதுன்னியே, எங்கடா?'ன்னுது."

"வரி அங்கதான்டா கீது. தறி சத்தத்துல சரியா உழல, அவ்ளோதான்" என்றேன்.

"உங்க வூட்ல ஒருத்தருக்கும் காது கேக்காதாடா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.