கண்ணாடி வைத்த அஞ்சலி போர்டு

1. நாற்காலி போட்டும் உட்காராதவர்

தக்கலையில் ஒரு பிளெக்ஸ் கடையில் இருபது வருஷத்துக்கு மேலாக டிசைனராக இருக்கிறேன். கல்யாணம், புதுவீட்டுப் பால்காய்ப்பு, திருவிழா, சாவு, எல்லாம் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் ரோட்டுக்குப் போகும். இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு போர்டுக்காகத்தான் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்று அதை எழுதுகிறேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, இனயத்திலிருந்து சூசை என்ற மீனவர் மகளுடன் கடைக்கு வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவர் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். இரணியல் ஸ்டேஷன் ரோட்டில் நாங்கள் வைத்த ஹெல்மெட் கடை போர்டு.

"இத செஞ்சது ஆரு?"

"நாந்தான்" என்றேன். பாராட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். முந்தின வாரம் அப்படி நாலைந்து பேர் வந்திருந்தார்கள்.

2. இரண்டுக்கு ஒன்று

ஹெல்மெட் கடைக்காரர் ஜெபசிங் கல்ஃபில் இருந்துவிட்டு வந்தவர். "சும்மா எழுதி வச்சா ஆரு வாசிப்பா? வண்டிய நிறுத்திப் பாக்கணும்" என்று போர்டு செய்யச் சொல்ல வந்தபோது கேட்டுக்கொண்டார்.

எங்கள் ஊர்க்காரர்கள் வண்டியை மெதுவாக்கி வாசிக்கிற பிளெக்ஸ் ஒன்றே ஒன்றுதான், கண்ணீர் அஞ்சலி. போனது யார் என்று தெரியாமல் யாரும் தாண்டிப் போகமாட்டார்கள். அதனால் விளம்பரத்தையே அஞ்சலி போர்டாகச் செய்தேன். படம் இருக்கவேண்டிய இடத்தில் பார்க்கிறவர் முகம் தெரிகிற கண்ணாடி ஷீட். கீழே, 'மறைவு: ஹெல்மெட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போன அன்று. துயரத்துடன்: வீட்டில் தனியாக இருக்கும் ஹெல்மெட்.'

கடை முதலாளி சசி அண்ணனுக்குப் பிடிக்கவில்லை.

"வேண்டாம் ஷீபா. ஒருத்தன் அழுதிட்டு வந்து அஞ்சலி அடிக்கச் சொல்லுகான். அதே மெஷின்ல நாம சாவ வச்சிச் சிரிப்புக் காட்டுகதா?"

"பயங்காட்டினா தலையத் திருப்பிட்டுப் போவாவ அண்ணே. சிரிச்சாத்தான் மனசுல நிக்கும்."

ஜெபசிங் என் பக்கம் சேர்ந்துகொண்டார். சசி அண்ணன் கையை விரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான்.

இன்டர்நெட்டில் எடுத்த கறுப்பு பார்டர் எதுவும் நிஜமான அஞ்சலி மாதிரி இல்லை. பழைய போல்டரைத் தேடினேன். 'நீல பார்டர்' என்று ஒரு பைல் கிடந்தது. மீன் வலைப் படத்தை வெட்டிச் செய்தது, அழகாக இருந்தது. எடுத்துப் போட்டேன். இரண்டு நிமிஷ வேலை.

3. யாருடைய வலை

சூசை படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார்.

"இது எனக்க மவனுக்க வலை."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின வருஷம் இரணியல் ஸ்டேஷனிலிருந்து தங்கையைக் கூட்டி வரப் போகும்போது அவர் மகன் ஜெனிஷ் பைக்கிலிருந்து விழுந்து இறந்தான். தலையில் ஹெல்மெட் இல்லை. அஞ்சலி பிளெக்ஸ் நான்தான் செய்தேன். அவன் வலையைப் போட்டோ எடுத்து அனுப்பி, படத்தைச் சுற்றி வைக்கச் சொன்னது வாசலில் நிற்கிற இந்தத் தங்கைதான். ஒவ்வொரு கண்ணியாக வெட்டி எடுத்தேன். நன்றாக வந்ததால் பின்னால் உதவும் என்று தனியாக எடுத்து, அவன் பெயரை நீக்கி, 'நீல பார்டர்' என்று பெயர் மாற்றி வைத்தேன். அதோடு அவனையும் மறந்துவிட்டேன்.

"சனிக்கிழம இவ காலேஜிலேருந்து ரயில்ல வந்து எறங்கினா. அண்ணனுக்க போர்டு நிக்குன்னு பக்கத்துல போயிருக்கா. அவன் படம் இருந்த எடத்துல இவளுக்க மொகம் தெரிஞ்சிருக்கு. ரெண்டு நாளா சோறு தின்னல்ல."

எழுந்து நின்று இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். 'நான் அப்பவே சொன்னேன்' என்று சசி அண்ணன் குத்திக்காட்டுவார் என எதிர்பார்த்தேன். அவரோ ஜெபசிங்கை வரச்சொல்லிப் போன் போட்டார்.

4. வாசலில் நின்றவள்

ஜெபசிங் வந்து விஷயத்தைக் கேட்டதும் தயங்கினார். "எனக்கும் வருத்தம்தான் அண்ணே. ஆனா இதப் பாத்திட்டு வந்து ஹெல்மெட் வாங்கினவன் உண்டு. வலைய மட்டும் மாத்தினா போராதா?"

"ஒண்ணும் வேண்டாம். கழத்தணும்" என்றார் சசி அண்ணன்.

"கழத்தினா நாளைக்கு ஒருத்தன் விழுவான். அதுக்கு நீங்க அஞ்சலி அடிச்சிக் குடுப்பிய, இல்லியா?"

சசி அண்ணனுக்கு முகம் சிவந்தது. சூசை, "எடுத்துருங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

"அப்பா, போர்டு நிக்கட்டும்" என்றாள் அந்தப் பெண்.

"ஏட்டி, என்ன சொல்லுக?"

"வலைய எடுக்கட்டும். அது நம்மளது. கண்ணாடி இருக்கட்டும்." அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "அன்னைக்கு அது அங்க நின்னிருந்தா அண்ணன் கண்டிப்பா வண்டிய நிறுத்தியிருப்பான். கண்ணாடியப் பாத்து முடி சீவியிருப்பான். கீழ எழுதியிருக்கத வாசிச்சி சிரிச்சிருப்பான்."

சூசை அப்போதுதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, "செரி மக்கா" என்றார்.

5. பைலுக்குப் பெயர்

அன்று சாயங்காலமே வெறும் கறுப்புக் கோட்டோடு போர்டு திரும்ப நின்றது. வலை பைலை அவள் போனுக்கு அனுப்பிவிட்டு என் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தேன்.

சாவை வைத்துச் சிரிக்கலாமா என்பதில் எனக்கும் சசி அண்ணனுக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. சிரிக்கலாம் என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் அந்தச் சிரிப்புக்கு யார் வீட்டுப் பொருளை எடுத்தேன் என்பதை முதலில் பார்த்துக்கொள்வேன். அஞ்சலி பைலிலிருந்து ஒரு பூவை வெட்டினாலும் இறந்தவர் பெயரோடுதான் வைக்கிறேன்.

ஜெனிஷின் இரண்டாம் ஆண்டு நினைவுக்கு பிளெக்ஸ் அடிக்க அந்தப் பெண் என்னிடமே வந்தாள். போனிலிருந்து வலையை அனுப்பினாள். அடித்து முடித்ததும், "இத அழிச்சிரட்டா, வச்சிருக்கட்டா?" என்று கேட்டேன்.

"வச்சிருங்க அக்கா. அண்ணன் பேரப் போட்டு வச்சிருங்க" என்றாள்.