மோட்டாரை விற்றுவிடலாமா

காட்டுப்பாக்கத்தில் வீடு வாங்குகிறவர்கள் எல்லோரும் வெயில் காலத்தில்தான் வாங்குகிறார்கள். நாங்களும் அப்படித்தான் வாங்கினோம். சித்திரை மாதம், தரையெல்லாம் வெடித்துக் கிடந்தது. கீழே இரண்டு வீடு, மேலே இரண்டு மாடிகளில் ஆறு வீடு, லிப்ட் கிடையாது. “இனிமே மாடி ஏறி இறங்குற வயசா நமக்கு?” என்று சொல்லி என் கணவர் கீழ்வீட்டைப் பிடித்தார். ஐப்பசியில் தண்ணீர் வாசற்படி ஏறிக் கூடத்துக்குள் வந்து ஃபிரிட்ஜின் காலை நனைத்தபோதுதான், அந்த மனை ஏன் அத்தனை வருஷம் யாரும் கட்டாமல் கிடந்தது என்று புரிந்தது.

அந்த வருஷம் மேல்வீட்டுக்காரர்களின் கார்களும் முழுகின. அதனால்தான் தண்ணீர் இறைக்க ஒரு மோட்டார் வாங்குகிற பேச்சு ஒரே கூட்டத்தில் முடிந்தது. கார்கள் தப்பித்து என் வீடு மட்டும் முழுகியிருந்தால் இன்றைக்கும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

வாங்கியது டீசலில் ஓடுகிற மோட்டார். கரண்டு தேவையில்லை. கயிற்றைச் சுற்றி ஓங்கி இழுத்தால் ஒரு முறை இருமும், இன்னொரு முறை இழுத்தால் புகை கக்கும், மூன்றாவது இழுப்பில் தெருவே அதிர ஓட ஆரம்பிக்கும். என் கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதைத் தொட வேறு யாரையும் விடமாட்டார். மழைக்காலம் தொடங்கும் முன்பே வெளியே இழுத்துப்போட்டு, துடைத்து, ஆயில் மாற்றி, ஓட்டிப் பார்த்து, தார்ப்பாய் போட்டு மூடி வைப்பார். மழை பிடித்துக்கொண்டால் நீல டியூபின் ஒரு முனையை எங்கள் வாசல் தண்ணீரில் போட்டு, மறுமுனையைக் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் விடுவார். தண்ணீர் போகும். மேலேயிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்து, “சூப்பர் அங்கிள்” என்பார்கள். கீழே இறங்கி வந்து டியூபைப் பிடித்த ஒருவரை நான் பார்த்ததில்லை.

சில வருஷம் அப்படிப் போயிற்று. ஒரு நாள் காலை பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. வாய் கோணி, பேச்சு குழறி, சொல்கிற பத்து வார்த்தையில் நாலு எனக்கு மட்டும் புரியும். அதிலிருந்து கூடத்தில் போட்ட கட்டில்தான் அவருக்கு உலகம்.

எங்கள் ஒரே மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அவளைக் குறை சொல்வதற்கில்லை. அவள் வந்து பார்த்துவிட்டு, அவர் கட்டில் பக்கத்திலேயே நின்று சொன்னாள். “அம்மா, இன்னொரு தடவை தண்ணி உள்ள வந்தா அப்பாவை இங்க வெச்சுக்க முடியாது. திருமழிசை பக்கத்துல நல்ல முதியோர் ஹோம் ஒண்ணு இருக்கு. பேசி வெச்சிருக்கேன்.” அவர் இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, “நான் இங்கதான்” என்றார். அது மட்டும் எல்லோருக்கும் புரிகிற மாதிரி தெளிவாக வந்தது. மகள் அழுதாள். ஆனால் சொன்ன சொல்லை மாற்றவில்லை.

ஆகவே எனக்குக் கணக்கு ஒன்றுதான். தண்ணீர் படி ஏறக் கூடாது. ஏறினால் அவர் போய்விடுவார்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் மழை பொய்த்தது. ஊரெல்லாம் மழைக்காக ஏங்கிக்கொண்டிருக்க, நான் ஒருத்தி மட்டும் சாமிக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு வருஷமும் மோட்டாரை யாரும் தொடவில்லை. தார்ப்பாய் கிழிந்து, பூனை குட்டி போட்டு, டியூபை எலி கடித்து வைத்தது. இதற்கிடையில் மேல்வீட்டுக்காரர்கள் கார் நிறுத்துகிற இடத்துக்கு மட்டும் கான்கிரீட் போட்டு முழங்கால் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டார்கள். என் வாசற்படி கார் டயரைவிடத் தாழ்ந்துபோனது.

எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் இரண்டாவது மாடியில் இருக்கிறார். கோயம்புத்தூர்ப் பையன், ஐடியில் வேலை, வாய் நிறைய மரியாதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப் குழுவில் ஓட்டெடுப்பு போட்டார். பழைய மோட்டாரை ரிப்பேர் பார்க்கலாமா, விற்றுவிட்டுச் சும்மா இருந்துவிடலாமா, விற்றுவிட்டுப் புதிய மாடல் வாங்கலாமா. மூன்றுக்கும் பக்கத்தில் ஒவ்வொரு இமோஜி பொம்மை.

நான் ரிப்பேர் என்பதை அழுத்தினேன். அதில் என் ஒரு ஓட்டுதான், மற்றதெல்லாம் புதிய மாடலுக்கு. கீழே இருக்கிற இன்னொரு வீட்டின் சொந்தக்காரர் கனடாவில் இருக்கிறார். வீட்டைக் கூரியர்காரர்களுக்குக் குடோனாக விட்டிருக்கிறார். அவராவது நம் பக்கம் நிற்பார் என்று பார்த்தால், தன் வீட்டு வாசலில் பனி தள்ளுகிற மெஷினுடன் நின்று எடுத்த போட்டோவை அனுப்பினார். இங்கே இதையெல்லாம் பழசாகும் முன்பே மாற்றிவிடுவோம், பழைய சாமானைக் கட்டிக்கொண்டு அழக் கூடாது என்று கீழே ஒரு உபதேசம். அதற்கு ஆறு பேர் கட்டைவிரல் தூக்கினார்கள்.

நான் செயலாளரிடம் நேரிலேயே போய்க் கேட்டேன். “தம்பி, புதுசுன்னா டீசல்லயே வாங்குங்க.”

“இல்லீங்க ஆன்ட்டி, அதெல்லாம் இப்ப யாரு வாங்கறாங்க? புகை, சத்தம். இது தண்ணிக்குள்ளயே கெடக்கும்ங்க. சென்சார் இருக்குது. தண்ணி ஏறுனா தானா ஓடும், எறங்குனா தானா நின்னுக்கும். அங்கிளும் இப்ப இழுக்க முடியாதில்லீங்களா?”

“அது கரண்ட்டுல ஓடுறதுதானே? மழை வந்தா முதல்ல போறது கரண்டுதானேப்பா.”

“இன்வெர்ட்டர் இருக்குதுங்க ஆன்ட்டி” என்றார். மாடிப்படி விளக்குக்கும் கேமராவுக்கும் வைத்த இன்வெர்ட்டர் அது. மிக்ஸியைப் போட்டாலே கூவும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இரண்டாவது மாடிக்கு எந்தக் காலத்தில் வெள்ளம் வரப்போகிறது, அவருக்குத் தெரிய?

பழைய மோட்டாரையும் டியூபையும் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார். அவர்கள் இந்த ஊரின் பழைய குடும்பம். நிலமெல்லாம் மனைகளாகிப் போய், இப்போது அவர் பூந்தமல்லிக்கும் போரூருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ரோட்டின் மேல் ரோடாகப் போட்டுப்போட்டு அவர் வீடும் பள்ளத்தில் இறங்கிவிட்டது. மோட்டாரை அவர் சுவர் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவதை என் கணவர் கட்டிலிலிருந்தே ஜன்னல் வழியாகப் பார்த்தார். “எங்க?” என்று கேட்டார். “சர்வீஸுக்குப் போகுது” என்றேன். வேறு என்ன சொல்வது?

அந்த வருஷம் மழை வந்தது. மூன்று நாள் விடாமல் கொட்டி, மூன்றாம் நாள் காலையில் கரண்டு போயிற்று. புதிய மோட்டார் அதற்கென்று வாசலில் வெட்டிய குழியில் சமர்த்தாக முழுகிக் கிடந்தது. இன்வெர்ட்டர் கொஞ்ச நேரம் கூவிவிட்டு அடங்கியது. செயலாளர் இரண்டாவது மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, “ஆன்ட்டி, கம்பெனிக்குக் கால் பண்ணிட்டே இருக்கேனுங்க, லைன் போக மாட்டேங்குது” என்றார். தண்ணீர் முதல் படியில் இருந்தது. நான் கட்டில் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஒரு இருமல், ஒரு புகைச்சல், அப்புறம் தடதடவென்று ஓட்டம். என் கணவரின் முகம் மலர்ந்தது. நோய் வந்த நாளிலிருந்து அப்படி ஒரு சிரிப்பை நான் பார்க்கவில்லை. “நம்ம மோட்டார்” என்றார். “வந்துடுச்சு. ஓடுது பார். பயப்படாதே.”

நான் ஓடிப்போய் வாசலைப் பார்த்தேன். காம்பவுண்டுச் சுவருக்கு மேலே, எலி கடித்த இடத்தில் ஒட்டுப்போட்ட அந்த நீல டியூப் கிடந்தது. அதன் வாய் எங்கள் பக்கம் இருந்தது. பக்கத்து வீட்டுத் தண்ணீர் மொத்தமும் எங்கள் வாசலில் கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து அவர், “இறங்குதா?” என்று குழறலாகக் கேட்டார். 

துணி துவைக்கிற கல்லின் மேல் ஏறிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். “தம்பி, தண்ணியை எங்க வீட்டுல விடறீங்களே, இது நியாயமா?”

பக்கத்து வீட்டுக்காரர் தொடையளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“இன்னாக்கா பண்ண சொல்றே? ரோட்டுல வுட்டா திரும்பி எங்க ஊட்டுக்கே வருது. நான் எங்க வுடறது, வானத்துலயா?”

“அதுக்காக இங்கயா?”

“இத்தினி வருசமா இந்த டியூபு எந்தப் பக்கம் வாயி வச்சிகினு இருந்திச்சு? எங்க ஊட்டாண்ட தானே வுட்டீங்கோ? நாங்க எதுனா கேட்டமா? எங்க கையில மோட்டார் இல்ல, கேக்கல.”

சுவரை விட்டுக் கையை எடுக்காமல் அப்படியே நின்றேன். அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் சொல்லியே ஆகவேண்டிய ஒன்று இருந்தது. “தண்ணி உள்ள வந்தா இவரைக் கொண்டுபோயிடுவாங்க தம்பி” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்த மோட்டார் சத்தத்தில் அவருக்கு என்ன கேட்டதோ, உற்றுப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது.

ஆனால் அதற்குள் தண்ணீர் கூடத்துக்கு வந்துவிட்டது. மழையும் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சுவரேறிக் குதித்து வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் என் கணவரை உட்காரவைத்து, ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் செயலாளருமாகத் தூக்கி முதல் மாடிக்குக் கொண்டுபோனார்கள். செயலாளர் இந்த மழை பிடித்ததிலிருந்து கீழே இறங்கி வந்தது அதுதான் முதல் தடவை. நாற்காலியில் போகும்போது என் கணவர் என்னையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். “மோட்டார் ஏன் நின்னுச்சு? யாரு நிறுத்தினாங்க?” என்று கேட்டுக்கொண்டே போனார். தூக்கியவர்கள் இரண்டு பேருக்கும் அது புரியவில்லை. புரியாததும் நல்லதுதான்.

மேல்வீட்டில் சூடாகக் காப்பி கொடுத்தார்கள், கெட்டிப் போர்வை கொடுத்தார்கள். கொடுத்த கையோடு, எங்கள் பகுதியின் நிலைமை என்று ஒரு வீடியோவும் எடுத்துப் போட்டார்கள். அதில் தண்ணீர், மிதக்கிற செருப்புகள், நாற்காலியில் தூக்கிப்போகிற பெரியவர், எல்லாம் இருந்தன. நான் மகளிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று வார்த்தை கோர்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் வீடியோ பெங்களூர் போய்ச் சேர்ந்துவிட்டது.

ரோடு தெரிந்த அன்றே மகள் வந்து இறங்கினாள். அவரிடம் குனிந்து, “தண்ணி வடியிற வரைக்கும்தான்ப்பா” என்றாள். என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. ஹோமில் சேர்க்க அவருடைய ஆதார் கார்டு எங்கே என்று என்னிடம் கேட்டாள். அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அடம் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். பிடிக்கவில்லை. மேல்வீட்டுக் கட்டில் அது, பிடித்துக்கொள்ள அவருக்கு என்ன உரிமை என்று நினைத்தாரோ என்னவோ.

இப்போது எங்கள் குடியிருப்பில் எல்லாம் சரியாகிவிட்டது. புதிய மோட்டாருக்குத் தனியாகப் பெரிய பேட்டரி வைத்துவிட்டார்கள். குழியில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, அது தானாக ஓடுவதையும் தானாக நிற்பதையும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். “இனிமே உங்களுக்குக் கவலையே இல்லீங்க ஆன்ட்டி” என்றார் செயலாளர். எனக்கு இனிமேல் என்ன கவலை இருக்கிறது? அவரைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ள மாடிவீடு வேண்டும் என்கிறாள் மகள். கீழ்வீட்டை விற்றால்தான் மாடிவீடு. அந்த வீடியோவைப் பார்த்த ஊரில் இந்தக் கீழ்வீட்டை வாங்க யார் வருவார்கள்?

ஹோம் நன்றாகத்தான் இருக்கிறது. திருமழிசையில் பஸ்ஸை விட்டு இறங்கி, எஸ்டேட் கொட்டகைகளைத் தாண்டி உள்ளே போக வேண்டும். அவருக்கு இரண்டாவது மாடியில் ஜன்னலோரக் கட்டில். நான் வைத்திருந்ததைவிடச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள், அதுவும் எனக்கு வயிற்றெரிச்சல்தான். போகும்போதெல்லாம் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்பார். “தண்ணி வடிஞ்சுதா?”

வடிந்து வெகுநாளாயிற்று. ஆனால் வடிந்துவிட்டது என்று சொன்னால், “அப்ப வா, போலாம்” என்பார்.  அதனால் முதல் தடவை கேட்டபோது, இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்றேன். அடுத்த தடவையும் அதையே சொன்னேன். பொங்கல் போயிற்று, மாசி போயிற்று, நான் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் போனபோது வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே தகரக் கூரைகளைப் பார்க்க முடியவில்லை, அப்படிக் கண் கூசியது. நான் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். என் வேர்வையைப் பார்த்தார். வாய்தான் கோணியிருக்கிறதே தவிர அவருக்குப் புத்தியில் ஒரு குறையும் இல்லை.

“வடிஞ்சுதா?” என்றார்.

“இன்னும் இல்லை” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். இடது கையால் என் முழங்காலைத் தொட்டார்.

“அப்ப பாத்துப் போ” என்றார். “தண்ணியில நிக்காதே. உனக்குச் சளி பிடிச்சுக்கும்.”