சேனை வைக்கப் போன கதை

போன வாரம் எனக்கு ஒரு பெரிய கௌரவம் தேடி வந்தது. அன்னூரில் மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் பொன்னுசாமி அண்ணன் போன் செய்தார்.

"ஏனுங்க தம்பி, நம்ம திவ்யா அம்மணிக்குப் பொண்ணு பொறந்திருக்குதுங்க. நீங்கதான் வந்து சேனை வெக்கோணும். பேத்தியும் உங்களாட்டப் பேரெடுக்கட்டும்."

சேனை தெரியும்தானே? பிறந்த குழந்தையின் நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணியோ தொட்டு வைப்பது. வைக்கிறவரின் குணம் குழந்தைக்கு வரும் என்று நம்பிக்கை. வாரா வாரம் இந்தப் பக்கத்தில் எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய விருது உண்டா? இஸ்திரி போட்ட சட்டையோடு ஆர்.எஸ்.புரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

போன பிறகுதான் தெரிந்தது – குழந்தை எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. இன்குபேட்டரில் இருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அதன் கை என் கட்டைவிரல் அளவுகூட இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வீல்சேரில் திவ்யா. பக்கத்தில் தேன் பாட்டிலோடு பொன்னுசாமி அண்ணன். எதிரில் குழந்தைக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா. பிறந்த குழந்தையின் உடம்பில் நோய் எதிர்ப்புச் சக்தி எப்படி உருவாகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சியாம்.

"தேன் வேண்டாங்க. நல்ல தேன்லகூடக் கிருமி இருக்கலாம். இந்தப் பாப்பா தாங்காது," என்றார். "எது நம்மாளு, எது எதிரின்னு இந்த உடம்பு இப்பத்தான் கத்துக்குது. வயித்துக்குள்ள முதல்ல எது போகுதுங்கறது முக்கியமுங்க."

"எப்படிக் கத்துக்குதுங்க?" என்றேன்.

"அது முழுசாத் தெரிஞ்சா நான் எதுக்குங்க ஆராய்ச்சி பண்ணிட்டிருக்கேன்?"

தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற டாக்டர். எனக்கு உடனே நம்பிக்கை வந்துவிட்டது.

திவ்யா கையிலிருந்த சின்னக் கிண்ணத்தைக் காட்டினாள். அடியில் மஞ்சளாகச் சில சொட்டுகள். "இவ்வளவுதான் வருதுங்க டாக்டர்," என்று அழுதாள்.

"அது மஞ்சளா இருக்குதுங்க, நல்லா இல்லை. கொட்டிப்போடலாம். வெள்ளைப் பால் ஊறட்டும். அதுவரைக்கும் தேனை..." என்று ஆரம்பித்தார் அண்ணன்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. "உங்க பண்ணையில மாடு கன்னு போட்டா, முதல் பாலை என்னங்க பண்ணுவீங்க?"

"கன்னுக்குத்தானுங்க. சீம்பால் குடிக்காத கன்னு தேறாதுங்களே..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். கிண்ணத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். தேன் பாட்டிலை இறுக மூடி என் கையில் கொடுத்துவிட்டார்.

நர்ஸ் அந்தச் சொட்டுகளைப் பஞ்சில் தொட்டு, உள்ளே போய்க் குழந்தையின் வாய்க்குள் தடவினார். உதடு லேசாக அசைந்தது. திவ்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டாள்.

நாம் இப்படித்தான்... தொழுவத்தில் ஒரு தடவைகூடத் தவறாமல் செய்வதை, வீட்டுக்குள் வந்ததும் மறந்துவிடுகிறோம்.

இதை எழுதும்போது குழந்தை இன்னும் இன்குபேட்டரில்தான் இருக்கிறது. கொஞ்சம் தேறியிருக்கிறதாம். எனக்கு வரவிருந்த விருது கைநழுவிப் போனதில் துளியும் வருத்தமில்லை.

யார் குணத்தோடு வேண்டுமானாலும் வளரட்டும் – முதலில் வீடு வந்து சேரட்டும்.