மோதிர விரலுக்குள் ஒரு வெள்ளை நாண்

பம்மல் மைதானத்தில் ஞாயிறுதோறும் நாங்கள் பெண்கள் கபடி ஆடுவோம். கல்யாணத்துக்குப் பிறகும் நான் விடவில்லை. ஒரு ஞாயிறு, எதிரணியிலிருந்து கபடி பாடி வந்த பெண் என்னிடமிருந்து நழுவியபோது, என் கை அவள் பனியனைப் பற்றிவிட்டது. அப்படிப் பிடிப்பது தப்பு; கை தானாகப் போய்விட்டது. அவள் திமிறினாள். என் வலது மோதிர விரலுக்குள் 'பட்'டென்று ஏதோ தெறித்தது.

எங்கள் கேப்டன் விரலைத் திருப்பிப் பார்த்தாள். "ஒண்ணியும் இல்லக்கா, சுளுக்குதான். எண்ணெ தடவி நீவி வுடு, சரியாப் பூடும்."

நான்கு நாள் நீவினேன். எக்ஸ்ரேயிலும் எலும்பு நன்றாகவே இருந்தது. ஆனால் சோறு பிசையும்போது அந்த ஒரு விரலின் நுனி மட்டும் மடங்காமல் விறைத்து நின்றது. என் கணவர்தான் குரோம்பேட்டையில் கைகளுக்கென்றே இருக்கும் டாக்டரிடம் அழைத்துப் போனார்.

டாக்டர் விரலின் நடு மூட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, "நுனியை மட்டும் மடக்குங்க" என்றார். பல்லைக் கடித்து முயன்றேன். அது அசையவில்லை. பிறகு உள்ளங்கையைத் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் அழுத்தினார். வலியில் துள்ளிவிட்டேன்.

"இங்கதான் இருக்கு. விரலை மடக்குற நாண் நுனி எலும்பிலேர்ந்து பிஞ்சு, சுருண்டு உள்ளங்கைக்கு வந்துடுச்சு. லேட் பண்ணா திரும்ப இழுக்க முடியாதும்மா."

எக்ஸ்ரே காட்டாததை அவர் கட்டைவிரல் கண்டுபிடித்திருந்தது!

மறுநாளே ஆபரேஷன். கையில் வலி மட்டும் தெரியாமல் மரக்கச் செய்தார்கள்; விரல்களை அசைக்க முடிந்தது, நான் விழித்திருந்தேன். நாணை எலும்போடு சேர்த்துத் தைத்ததும் டாக்டர், "பாக்குறீங்களா?" என்று கேட்டு மறைப்புத் துணியை விலக்கச் சொன்னார்.

திறந்திருந்த விரலுக்குள் முத்தின் வெண்மையில், ஈரமாக மினுங்கியது ஒரு நாண்.

"இப்ப மெதுவா மடக்குங்க."

மடக்க நினைத்தேன், அவ்வளவுதான். அந்த வெள்ளை நாண் வழுக்கிக்கொண்டு நகர, விரல் நுனி என்னை நோக்கிக் குனிந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருஷமாக மகளுக்குத் தலை பின்னியதும் மாவு பிசைந்ததும் இதுதானா?

"இன்னொரு தடவை மடக்கட்டுமா சார்?"

அவர் சிரித்தார். "போதும்மா, மூடணும்."

பல வாரம் கட்டோடு இருந்து, பயிற்சி செய்து, ஏழாம் மாதம் களத்தில் இறங்கினேன். நுனி முழுதாக நிமிர்வதில்லை; மடங்குகிறது, அது போதும். தாம்பரம் ரயிலில் கம்பியைப் பற்றியிருக்கும் கைகளை இப்போதெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒவ்வொரு விரலுக்குள்ளும் அந்த வெள்ளை நாண் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர்களில் யாரும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.