தாளில் இருந்த டிக்

கண்ணாடிக் குடுவை கழுவத்தான் அவள் அந்த ஆய்வகத்துக்கு வந்தாள். பதினெட்டு வருடத்தில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, இப்போது ஈயச் சுவருக்குப் பின்னால் கதிர்வீசும் சாயத்தைத் தயாரிப்பவளே அவள்தான். எதையும் ஒருமுறைக்கு மூன்றுமுறை பார்ப்பாள். காலையில் வீட்டுப் பூட்டை அவள் இழுக்கும் இழுப்பில், "பூட்டு கையோட வந்துடப் போகுதும்மா" என்று மகள் கேலி செய்வாள்.

அன்று தயாரான சாயம் முதன்முதலாக ஒரு மனிதருக்குள் போகவேண்டியது. அவர் பஸ் டிரைவர், மூளையில் கட்டி. சாயத்துக்கு இரண்டு வேலை. இன்று கதிர்வீச்சால் கட்டியை ஸ்கேனில் காட்டவேண்டும். நாளை மண்டையைத் திறக்கும்போது, கட்டியின் விளிம்பை மருத்துவரின் கண்ணுக்கு ஒளிர்ந்து காட்டவேண்டும். ஆனால் அந்தக் கதிர்வீச்சே ஒளிர்வைத் தின்றுவிடும். அதைத் தடுக்க வைட்டமின் சி கரைசலைச் சில துளி சேர்க்கவேண்டும்.

சேர்த்தேனா?

குப்பியை மூடிய பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. செய்முறைத் தாளில் அந்தப் படிக்கு நேரே டிக் இருந்தது. ஆனால் குழாயில் ஒரு காற்றுக்குமிழி சிக்கி அவளைப் படுத்தியெடுத்ததும், அதைச் சரிசெய்த வேகத்தில் ஐந்து கட்டத்திலும் ஒரே மூச்சில் டிக் போட்டதும் நினைவிருந்தது. துளி விட்டது நினைவில்லை.

"என்னக்கா, அனுப்பலாமா?" என்று வந்தார் வேதியியலாளர். அவளைவிட இளையவர்.

"வைட்டமின் போட்டேனான்னு தெரியல சார்."

அவர் தாளை எடுத்துப் பார்த்தார். "டிக் இருக்கே."

"டிக் நான் போட்டதுதான். துளி போட்டேனான்னுதான் தெரியல."

"நீங்க போடாம விடுவீங்களா? உப்பு போட்டாச்சான்னு நாலு தடவை நக்கிப் பார்க்கிற ஆளு."

"இதை நக்கிப் பார்க்க முடியாதே சார்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் கதிர்வீச்சு பாதியாகிவிடும். கீழே வார்டில் டிரைவர் காலையிலிருந்து வெறும் வயிற்றோடு படுத்திருந்தார்.

"ஒரு சொட்டு எடுத்து இப்ப அளக்கிறேன். இருபது நிமிஷம் கழிச்சு மறுபடி அளக்கிறேன். ஒளி குறைஞ்சா போடலைன்னு அர்த்தம்" என்றாள் அவள்.

முதல் அளவு நூறு. அவள் உட்காரவில்லை. உள்ளங்கை வேர்வையை வெள்ளைக் கோட்டில் துடைத்துத் துடைத்து அந்த இடமே ஈரமானது. வேண்டாத சாமியில்லை. வேதியியலாளர் வார்டுக்குச் சொல்ல இருமுறை தொலைபேசியை எடுத்து, டயல் செய்யாமல் வைத்தார்.

இரண்டாவது அளவு அறுபத்தொன்று.

நாளைக்குள் சாயம் செத்தே போயிருக்கும். ஒளிராத இடத்தையெல்லாம் நல்ல மூளை என்று நம்பி மருத்துவர் விட்டுவைத்திருப்பார்.

"இதைக் கொட்டிடலாம். அடுத்ததைச் செஞ்சு முடிக்க நாலு மணி ஆயிடும்" என்றார் வேதியியலாளர். "வார்டுக்கு நான் சொல்லிக்கிறேன்."

"வேண்டாம் சார், நானே போறேன்."

டிரைவரின் கட்டிலருகே போய் நின்றாள். "அண்ணே, மருந்து சரியா வரல. தப்பு என்னோடது. நாலு மணி ஆகும்."

அவர் அவளையே பார்த்தார். "ஊசி போட்ட பிறகு தெரிஞ்சிருந்தா?"

"கட்டி மிச்சம் இருந்திருக்கும்ணே."

"சரிம்மா. வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடியே பிரேக் இல்லன்னு சொல்லிட்ட. போய் மெதுவாவே செய்" என்றவர், "தண்ணியாவது குடிக்கலாமா?" என்று கேட்டார்.

பக்கத்தில் நின்ற நர்ஸ் தலையாட்டியதும், தானே தம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டு அவள் ஆய்வகத்துக்கு மாடி ஏறினாள்.